எஸ்தர் பெயரில் வந்த மெயில்

எங்கள் கம்பெனி ஆபீசில் ஒரு வழக்கம் இருக்கிறது. பைல் ஒட்டிய மெயில் வந்தால், அது தினமும் வருகிற பெயரிலிருந்தே வந்திருந்தாலும், முதலில் போனை எடுத்து “இது நீங்கள் அனுப்பியதுதானா” என்று கேட்க வேண்டும். அவர்கள் ஆமாம் என்று சொன்ன பிறகுதான் திறக்க வேண்டும். புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு இது பிடிப்பதில்லை. போன ஆயுத பூஜைக்குக் கம்பெனிக்குப் போயிருந்தபோது, பொரியும் கடலையும் அள்ளிக் கொடுத்துக்கொண்டே ஒரு பிள்ளை என்னிடம் கேட்டாள்.

“ஏனுங்கம்மா, இந்தப் போன் போடுற சட்டம் உங்க காலத்துல வந்ததாமா? இப்பத்தான் எல்லாத்துக்கும் சாப்ட்வேர் இருக்குதுங்களே.”

“சாப்ட்வேரும் இருக்கட்டும் கண்ணு, போனும் இருக்கட்டும்” என்றேன்.

அதோடு விடவில்லை. அந்தச் சட்டம் எப்படி வந்தது என்று கம்பெனி மலருக்கு எழுதித் தரச் சொல்லிவிட்டார்கள். நான் மூன்றாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டிப் படிப்பேன், மெதுவாக எழுதுவேன். இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தது எஸ், எம், எல், எக்ஸ்எல். அதை வைத்துக்கொண்டே செக்கிங் பகுதியை நடத்தினேன். நான் பாஸ் செய்து ஜெர்மனிக்கு அனுப்பிய பனியனில் ஒரு லாட்கூட என் காலத்தில் திரும்பி வந்ததில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

பொங்கலூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் விவசாயக் காடு இருந்தது. கிணறு வற்றியதும் திருப்பூர் நெருப்பெரிச்சலுக்கு வந்து இந்தக் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்தேன். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்து மடித்துக் கொடுக்கிற வேலை அது. பிறகு நூல் வெட்டினேன். பிறகு செக்கிங் மேசை. சில வருடங்களில் அந்தப் பகுதிக்கே இன்சார்ஜ் ஆனேன். அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எல்லாரும் படுகிற பாடுதான்.

செக்கிங்கைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பீஸை மேசையில் முன்பக்கம் தெரியப் போட வேண்டும். கண் முதலில் கழுத்துக்குப் போக வேண்டும், பிறகு தோள் ஜாயின்ட், கைக்குழி, பக்கவாட்டுத் தையல், கீழ் மடிப்பு. இந்த வரிசை மாறக் கூடாது. மாறினால் எதையோ விட்டுவிட்டோம் என்று அர்த்தம். அப்புறம் உள்பக்கம் திருப்பி மறுபடியும் அதே வரிசை. கடைசியில் டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் ஊசி ஓட்டை தெரியும். குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தனியே வைத்துவிட வேண்டும். யார் தைத்தது என்று பண்டலில் கட்டியிருக்கும் டிக்கெட்டில் நம்பர் இருக்கும்.

அந்த டிக்கெட்டால்தான் ஒரு தடவை பெரிய சங்கடம் வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் முதலாளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

முதலாளி சத்தம் போடவே மாட்டார். கோபம் வர வர மரியாதை கூடும். சாதாரண நாளில் என்னை “நாச்சம்மா” என்பார். “நாச்சம்மாங்க” என்று கூப்பிட்டால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. “நாச்சம்மாங்க, சித்தெ மேல வந்துட்டுப் போறீங்களா” என்று கூப்பிட்டால், மேலே போவதற்குள் செய்த தப்பையெல்லாம் எண்ணிப் பார்த்துவிடுவேன். வேலையை விட்டு ஆளை நிறுத்தும்போதுகூட, பஸ்சுக்குச் சில்லறை இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் நிறுத்துவார். அவரிடம் திட்டு வாங்குவதற்குப் பதிலாக இரண்டு அடி வாங்கிக்கொள்ளலாம் என்று டெய்லர்கள் சொல்வார்கள்.

ஒரு சீசனில் வெள்ளை பனியனின் நெஞ்சுப் பக்கத்தில் எண்ணெய்க் கறை வந்துகொண்டே இருந்தது. டிக்கெட்டில் எல்லாம் மாரியப்பன் என்கிற டெய்லரின் நம்பர். முதலாளி லைனுக்கே வந்துவிட்டார்.

“ஏனுங்க மாரியப்பன், மெசினுக்கு எண்ணெய் விடறீங்களா, இல்லீங்க, துணிக்கே விடறீங்களா?”

மாரியப்பன் எழுந்து நின்றுவிட்டான். நான் நடுவில் போய், அவன் மெசினை மத்தியானம் வரைக்கும் நிறுத்துங்கள், மற்ற மெசின்கள் ஓடட்டும், கறை வருகிறதா பார்க்கலாம் என்றேன். இது செக்கிங்கில் எங்களுக்கு வழக்கம்தான். எந்த மெசின் கெடுக்கிறது என்று தெரியாவிட்டால் சந்தேகப்பட்ட மெசினை நிறுத்திவிட்டு வருகிற பீஸைப் பார்க்க வேண்டும். அப்படி நிறுத்திய பிறகும் கறை வந்தது. அவனுக்கு முன்னால் இருந்த ஓவர்லாக் மெசின் கசிந்துகொண்டிருந்தது. அந்தப் பீஸ்கள் அங்கே போய்விட்டு அவனிடம் வரும். டிக்கெட் மட்டும் கட்டிங்கிலேயே அவன் பெயருக்குக் கட்டிவிட்டிருந்தார்கள்.

முதலாளி அன்றைக்குச் செய்ததை நான் மறக்கவில்லை. மெசின்களை எல்லாம் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னார். லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி, “மாரியப்பன் மேல தப்பு இல்லீங்க. தப்புன்னு சொன்ன எடத்துலயே இல்லைன்னும் சொல்லிப்போடோணும், அதுதான் நம்ம பழக்கம்” என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். இந்த வார்த்தையை நான் மனசில் வைத்துக்கொண்டேன். பிற்பாடு அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அதுவரை பேக்சும் கூரியருமாக இருந்த ஆபீசில் கம்ப்யூட்டர்கள் வந்தன. அளவு சார்ட், பிரிண்ட் டிசைன், பேக்கிங் விவரம் எல்லாமே மெயிலில் வரும், மெயிலில் போகும். அந்த மெர்ச்சன்டைசர் வேலைக்கு எஸ்தர் என்று ஒரு பெண் வந்தாள். தூத்துக்குடிப் பக்கம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். ஊருக்குப் போய் வந்தால் கருப்பட்டி மிட்டாய் கொண்டுவந்து முதலில் செக்கிங்குக்குத்தான் வருவாள். சரக்கு வாங்குகிற ஜெர்மனிப் பையர் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் என் மேசையில்தான் இருந்தது. அதனால் மாடிக்கும் கீழுக்கும் நடந்துகொண்டே இருப்பாள். “எக்கா, இந்தக் கழுத்து ரிப் எவ்வளவு இழுக்கும்னு கேக்காங்க, நீங்க கொஞ்சம் இழுத்துக் காட்டுங்க” என்பாள். நான் இழுப்பேன். அவள் எழுதிக்கொள்வாள்.

அந்தக் காலத்தில் ஊரில் எல்லா முதலாளிகளுக்கும் மெயில் என்றால் ஆர்டர். ஒரு மெயிலைத் திறக்காமல் விட்டால் அந்த ஆர்டர் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடும் என்று பயம். எங்கள் முதலாளி வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து மெயில் பார்ப்பார்.

ஒரு திங்கட்கிழமை காலை, அயர்னிங்குக்கு அனுப்ப வேண்டிய லாட்டைப் பற்றிக் கேட்க மாடிக்குப் போனேன். ஆபீஸ் அமைதியாக இருந்தது. எஸ்தர் நின்றுகொண்டிருந்தாள். முதலாளி உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்க கண்ணு, பையர் ஆபீசுக்கு என்னங்க அனுப்புனீங்க?”

“நான் ஒண்ணும் அனுப்பலியே சார்.”

“அனுப்பலீங்களா. அப்ப உங்க பேரு தானா நடந்து போயிருச்சுங்களா?”

பையரின் திருப்பூர் ஆபீசிலிருந்து காலையிலேயே போன் வந்திருக்கிறது. எஸ்தர் பெயரில் வரிசையாக மெயில் வந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் படம் மாதிரி ஒரு பைல். நம்ம எஸ்தர்தானே என்று அங்கே இருந்தவர் திறந்திருக்கிறார். அதிலிருந்து அவர்கள் கம்ப்யூட்டர் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. அங்கிருந்து ஜெர்மனிக்கும் அதே மாதிரி மெயில் போயிருக்கிறது. இனிமேல் உங்கள் கம்பெனி மெயிலைத் திறக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நடந்துகொண்டிருந்த ஷிப்மென்ட்டுக்கு அவர்களின் ஓகே வர வேண்டும். அந்த ஓகே மெயிலில்தான் வரும்.

“வேலை கஷ்டமா இருந்தாச் சொல்லீருங்க கண்ணு. ஊருக்குப் பஸ் ஏத்தித் தாட்டி உடச் சொல்றேனுங்க. சாயங்கால பஸ்சுல எடம் இருக்குமுங்களா, பாக்கலாமுங்க.”

அந்தப் பெண் அழவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திருப்பூரில் மெர்ச்சன்டைசர் வேலைக்கு முதலீடு பெயர்தான். பையரின் கம்ப்யூட்டரைக் கெடுத்தவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு போனால் வேறு எந்தக் கம்பெனியும் உள்ளே விடாது. முதலாளிகள் எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம். ஒரு வீட்டு விருந்தில் சொன்னால் போதும், ஊர் முழுக்கப் போய்விடும்.

நான் லாட்டைப் பற்றிக் கேட்க வந்ததை மறந்துவிட்டேன்.

“ஏனுங்க, இவ மெசினை நிறுத்திப் பாத்தீங்களா?”

“எந்த மெசினுங்க, நாச்சம்மாங்க?”

“இவ கம்ப்யூட்டரைத்தானுங்க. நிறுத்திப் போட்டு, இன்னும் கறை வருதான்னு பாக்கலாமுங்களே.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் மாரியப்பன் ஞாபகம் வந்தது தெரிந்தது.  அதே சமயம் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற அன்வர் படியேறி வந்தார். தோளில் ஒரு பை, அது நிறைய சிடி. அந்த மனிதர் எந்த ஆபீசுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்து ஒயரைப் பார்ப்பார். அன்றைக்கும் அப்படியே குனிந்து, எல்லாக் கம்ப்யூட்டரிலிருந்தும் இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டார்.

“அக்கா சொல்றதைத்தான் நானும் செய்யப் போறேன்” என்றார். “முதல்ல எல்லாத்தையும் துண்டிக்கணும். அப்புறம் ஒவ்வொண்ணாப் பாக்கணும். பாக்கற வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது.”

“அதுதான் எஸ்தர் பேரு போட்டு வந்திருக்குதுங்களே” என்றார் முதலாளி.

“அதுல என்ன பேரு வேணா போடலாமுங்க. இந்த வைரஸ் சொந்தப் பேருல வராது. ஒரு மெசினுக்குள்ள போனதும் அங்க இருக்கற அட்ரசை எல்லாம் பொறுக்கும். ஒரு பேரை எடுத்து அனுப்பினவங்கன்னு போட்டுக்கும், இன்னொரு பேருக்கு அனுப்பும். எஸ்தரோட அட்ரஸ் யார் யார் கம்ப்யூட்டர்ல இருக்குதுங்க?”

முதலாளி யோசித்தார். “எல்லார்த்துக்கும்தான் இருக்கும். சாயப்பட்டறை, பிரிண்டிங், எம்ப்ராய்டரி, பையர் ஆபீசு.”

“அப்ப அதுல எந்த மெசின்ல இருந்து வேணாலும் வந்திருக்கலாமுங்க.”

இதை முதலாளி நம்பவில்லை. முகத்திலேயே தெரிந்தது. பெயர் எழுதிய கவரை அந்தப் பெயர்க்காரன் அனுப்பவில்லை என்றால் யார்தான் நம்புவார். எனக்கு நம்புவதில் ஒரு கஷ்டமும் இல்லை. டிக்கெட் ஒருத்தர் பெயரில் இருக்கும், எண்ணெய் இன்னொருத்தர் மெசினில் கசியும் என்று வருடக்கணக்காகப் பார்த்தவள் நான். எஸ்தரின் கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் எங்கே இருந்தாள் என்று பின்னால் ஒரு கேள்வி வரக் கூடாது.

“நான் என்னத்தக்கா பண்ணுனேன்” என்றாள் படியில்.

“ஒண்ணும் பண்ணலை. இங்க உக்காந்து நூல் வெட்டு. நான் சொல்ற வரைக்கும் மேசையை விட்டு எந்திரிக்காத.”

எங்கள் செக்கிங் பெண்களுக்கு வாய் சும்மா இருக்காது. நடந்தது தெரிந்ததும் முதலில் உச்சுக் கொட்டினார்கள். அப்புறம் ஆரம்பித்துவிட்டார்கள்.

“ஆபீசரம்மா பீஸ் பாக்கறாங்க. எல்லாரும் கத்தரியை எண்ணி வெச்சுக்குங்க.”

“எஸ்தரு, உன்ற வைரசு பனியனுக்குள்ள பூந்துருமா? பூந்துச்சுன்னா ஜெர்மன்காரனுக்குச் சொரியப் போகுது.”

“சொரிஞ்சா ரிஜெக்ட்டுன்னு போட்டு நமக்கே திருப்பித் தருவான்.”

எஸ்தர் முதலில் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு பீஸை என்னிடம் நீட்டினாள். கைக்குழிக்கு உள்பக்கம் தையல் விட்டிருந்தது. நாலு பேர் பார்த்தும் கவனிக்காமல் விட்டிருந்த பீஸ் அது. அம்பு ஸ்டிக்கரை அவளே ஒட்டினாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து மெசின்கள் ஓட ஆரம்பித்திருந்தன. முதலாளி படியிறங்கி வந்தார். அவர் எங்கள் பகுதிக்கு வருவது அபூர்வம். எல்லாரும் எழுந்து நின்றோம். அவர் எஸ்தரைப் பார்த்தார். அவள் கையில் நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி, மடியில் பனியன்.

“இந்தப் புள்ள காத்தாலிருந்து இங்கதான் இருக்குதா, நாச்சம்மா?”

“இந்த மேசையிலதானுங்க. சோறும் எங்ககூடத்தான் உண்டுச்சு.”

“மேல ஒயரெல்லாம்?”

“அன்வர் கையில சுத்தி வெச்சிருக்கறாருங்க. நீங்களே பாத்தீங்களே.”

 அப்புறம் சொன்னார். “பையர் ஆபீசுல இருந்து மறுக்கா போன் வந்துச்சு. இப்பத்தான் எஸ்தர் பேருல இன்னொரு மெயில் வந்துச்சாமா.”

 எஸ்தர் கத்தரியைக் கீழே வைத்தாள். முதலாளிக்குப் பின்னால் அன்வர் இறங்கி வந்துகொண்டிருந்தார். ஆபீசில் இருந்த எல்லாக் கம்ப்யூட்டரையும் பார்த்துவிட்டதாகவும் ஒன்றிலும் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“வேற எங்கயாச்சும் நம்ம கம்ப்யூட்டர் இருக்குதுங்களா?”

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஊட்டுல ஒண்ணு இருக்குது.”

வீடு பக்கத்துத் தெருதான். என்னையும் கூடவே வரச் சொன்னார். “வாங்க நாச்சம்மா. நீங்க வரலைன்னா நாளைக்குச் செக்கிங்குல வேற கதை ஓடும்” என்றார். மரியாதை குறைந்திருந்ததால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

ஹாலில் சாமி படத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் இருந்தது. மேலே பூப்போட்ட துணி, நெற்றிப் பக்கத்தில் சந்தனமும் குங்குமமும். திரைதான் அணைந்திருந்தது. கீழே இருந்த பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போன் ஒயர் மாட்டிய சின்ன டப்பாவில் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. முதலாளி வீட்டம்மா எங்களுக்கு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு அன்வரிடம் சொன்னார்.

“நல்ல நேரத்துல வந்தீங்க. நேத்தைக்கிருந்து இப்படியே உறுமிக்கிட்டுக் கெடக்குது. ஆர்டர் வரும், அமத்தாதேன்னு இவரு சொல்லிப்போட்டாரு. போன் எடுத்தா கீச்சு கீச்சுங்குது. எங்கம்மா காத்தாலிருந்து கூப்பிட்டுக் கெடைக்காம, எனக்கு ஒடம்பு சரியில்லையோன்னு எந்தம்பி ஊட்டுக்குப் போன் பண்ணி அழுதிருக்குது.”

அன்வர் போன் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். டப்பாவில் விளக்கு நின்றது. அப்புறம்தான் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு சிடியைப் போட்டு ஓடவிட்டார். கொஞ்ச நேரத்தில் திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது, அதன் கீழே இன்னொன்று, அப்புறம் வந்துகொண்டே இருந்தது.

“நேத்து என்ன மெயிலுங்க திறந்தீங்க?”

“பையர் பேருல ஒண்ணு வந்துச்சு. புது டிசைன் போட்டோன்னு இருந்துச்சு. ஆனாத் தொறக்கவே இல்லீங்க. நாலஞ்சு வாட்டி அமுத்திப் பாத்தேன். ஒண்ணுமே வரலை.”

“அது போட்டோ இல்லீங்க. போட்டோன்னு பேரு வெச்ச ப்ரோக்ராம். பேருக்குப் பின்னால ஒரு வால் இருக்கும், திரையில காட்டாது. முதல் தடவை அமுத்தும்போதே உள்ள போயிருச்சு. உங்களுக்கு எதையும் காட்டணும்னு அதுக்கு அவசியம் இல்ல. அதுக்கு வேண்டியது உங்க கம்ப்யூட்டரும் உங்க போன் லைனும்தான். நேத்தைக்கிருந்து அதுதான் போன் போட்டுப் போட்டு மெயில் அனுப்பிக்கிட்டு இருக்குது.”

“அப்பப் பையருதான் எனக்கு அனுப்பினாரா?”

“அவரும் இல்லீங்க. அவர் பேரைப் போட்டு வேற யாரோட மெசினோ அனுப்பியிருக்கும். எஸ்தர் பேரைப் போட்டு நீங்க அனுப்பின மாதிரியே.”

அந்தக் கடைசி வார்த்தை முதலாளிக்குச் சுருக்கென்று தைத்தது. அன்வர் அதைக் கவனிக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டார்.

“தொறக்கலைன்னு வேற யாருக்காச்சும் அனுப்பி வெச்சீங்களா?”

முதலாளி மோர் டம்ளரை எடுத்தார். குடிக்காமல் வைத்தார்.

“தங்கச்சி மாப்ளைக்கு மட்டும். சாயப்பட்டறையில நல்ல கம்ப்யூட்டருன்னு சொல்லுவாரு. அங்க தொறக்குதான்னு பாக்கச் சொன்னேன்.”

“மாப்ளை என்ன சொன்னாருங்க?”

“அங்கயும் தொறக்கலைன்னாரு. பிரிண்டிங் போடற பங்காளிக்கு அனுப்பியிருக்கறாராம், அவரு டிசைன்காரராச்சே, அவரு கம்ப்யூட்டருல தொறக்கும்னு.”

அன்வர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். வீட்டம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நான் சாமி படத்தைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அது புழு வகை வைரஸ், தானாகவே ஊர்ந்து ஊரைச் சுற்றும், அதற்கு யாரும் உதவ வேண்டியதில்லை என்று அன்வர் பிறகு சொன்னார். ஆனால் எங்கள் பக்கத்தில் அதைக் கைப்பிடித்து ஒவ்வொரு சொந்தக்காரர் வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். வெளியூரில் யாருக்கும் இது தோன்றியிருக்காது. ஒரு ஆர்டர் திறக்கவில்லை என்றால் மாப்பிள்ளையிடம் கேட்கலாம், பங்காளியிடம் கேட்கலாம் என்று எங்களுக்குத்தான் தோன்றும்.

அன்வர் கம்ப்யூட்டரை முழுசாகத் துடைத்துப் புதிதாக ஏற்ற வேண்டும் என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போனார். சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. நாங்கள் கம்பெனிக்குத் திரும்பினோம். வழியில் முதலாளி சொன்னார்.

“சரி நாச்சம்மா, ஆனது ஆச்சு. அந்தப் புள்ளையப் பழையபடி வேலையைப் பாக்கச் சொல்லீருங்க.”

நான் சரி என்றுதான் சொல்லப் போனேன். கேட்டில் எம்ப்ராய்டரிக்காரர் வேனை நிறுத்திப் பீஸ் இறக்கிக்கொண்டிருந்தார். முதலாளியைக் கவனிக்கவில்லை. வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எஸ்தர் வைரசுங்கறது உங்க கம்பெனியில இருந்து கெளம்புனதுதானுங்களா? சாயப்பட்டறையில எல்லாம் அதைத்தான் பேசிக்கிறாங்க. யாருங்க அந்தப் புள்ள?”

ஒரு நாளைக்குள் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். முதலாளி வேகமாக மாடி ஏறினார். நான் பின்னாலேயே போனேன்.

“வேலையைப் பாருன்னு சொன்னா அது வேலையைப் பாக்குமுங்க. பேரு போனது போனதுதானுங்களே” என்றேன்.

அவர் திரும்பினார். “நாச்சம்மாங்க, நான் எம்மாப்ளைக்குப் போன் போட்டு, நாந்தான் ஊரைக் கெடுத்தேன்னு சொல்லோணுமுங்களா? அவரு அதை வெச்சு எத்தனை நோம்பி விருந்துக்கு என்னை ஓட்டுவாருன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?”

மரியாதை உச்சத்துக்குப் போயிருந்தது. எனக்குப் பயம்தான். ஆனாலும் நான் கைமடியாக நின்ற காலத்தில் அந்தக் கம்பெனி ஒரு தகரக் கொட்டகை. அவரும் கூடவே நின்று பண்டல் கட்டியவர். அந்த உரிமையில் சொன்னேன்.

“மாரியப்பனுக்கு அன்னிக்கு மெசினை எல்லாம் நிறுத்திச் சொன்னீங்க. சொன்ன எடத்துலயே இல்லைன்னும் சொல்லோணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க. எஸ்தர் பேரைச் சாயப்பட்டறை வரைக்கும் சொல்லியிருக்கறாங்க. அப்ப அந்த எடம் வரைக்கும் போகோணுமுங்களே.”

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே லைன் ஓடிக்கொண்டிருந்தது. என்ன நினைத்தாரோ, “அந்தப் புள்ளையக் கூப்பிடுங்க” என்றார்.

எஸ்தர் வந்தாள். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. என்னைப் போகச் சொல்லவில்லை, அதனால் நான் கதவருகில் நின்றேன். முதலில் சாயப்பட்டறைக்குப் போட்டார்.

“மாப்ளை, அந்த மெயிலு எஸ்தர் அனுப்புனது இல்லீங்க. நாந்தான் அனுப்புனேன். ஆமா, நானேதான். நேத்து உங்களுக்கு அனுப்புனனே, அதுதான். நீங்க பங்காளிக்கு அனுப்புனீங்களே, அதேதான்.”

எதிர்ப்பக்கம் சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. முதலாளி போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். சிரித்து முடியட்டும் என்று காத்திருந்தார்.

“சிரிச்சாச்சுங்களா? அப்ப உங்க மெசினுக்கு ஒயரைப் புடுங்குங்க. அன்வர் வருவாரு. இன்னொண்ணு, எஸ்தர் வைரசுன்னு இனிமேல் யாரு சொன்னாலும், அது எங்க மச்சானோட வைரசுன்னு திருத்திச் சொல்லோணும். அதை மட்டும் பண்ணீருங்க.”

அப்புறம் பிரிண்டிங் பங்காளிக்கு, அப்புறம் எம்ப்ராய்டரிக்கு. ஒவ்வொரு போனிலும் குரல் கொஞ்சம் சுலபமானது. கடைசியில் பையர் ஆபீஸ். அங்கே இங்கிலீஷில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்துவிட்டார். தன் வீட்டுக் கம்ப்யூட்டர்தான் கெடுத்தது, இந்தப் பெண் காலையிலிருந்து கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை, அவள் நல்ல பெண் என்று சொன்னார். நல்ல பெண் என்பதை இரண்டு தடவை சொன்னார். எஸ்தர் அப்போதுதான் உட்கார்ந்தாள்.

ஊரில் அதற்குப் பெயர் மாறிவிட்டது. ரொம்ப நாள் “மச்சான் வைரஸ்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு நோம்பிக்கும் அந்த மாப்பிள்ளை முதலாளியை ஓட்டினார், அதுவும் நடந்தது. எஸ்தர் எங்கள் கம்பெனியிலேயே பல வருடம் இருந்தாள். பிறகு முதலிபாளையத்தில் வேறொரு கம்பெனிக்குப் பெரிய பொறுப்புக்குப் போனாள். அங்கே அவளைச் சேர்த்துக்கொள்ளும்போது யாரும் எதையும் விசாரிக்கவில்லை. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

போன் போடுகிற சட்டம் யார் போட்டது என்று கேட்டீர்கள். யாரும் போடவில்லை. பையர் ஆபீசிலிருந்து வந்த ஒரு போனைப் பார்த்து நாங்களும் பழகிக்கொண்டதுதான். மறுநாள் அன்வர் எஸ்தருடைய கம்ப்யூட்டருக்கு ஒயரை மாட்டிக் கொடுத்தார். ஷிப்மென்ட்டுக்கான பேக்கிங் விவரத்தை அனுப்ப வேண்டும். எஸ்தர் தன் பெயரிலேயே அனுப்பட்டுமா, வேறு பெயரில் அனுப்பலாமா என்று கேட்டாள். உங்க பேருலயே அனுப்புங்க கண்ணு என்றார் முதலாளி. அனுப்பினாள். நாங்கள் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் அடித்தது. எடுத்தது எஸ்தர்தான். பையர் ஆபீஸ் சாரின் குரல் வெளியே கேட்டது.

“எஸ்தர் பேருல ஒரு மெயில் வந்திருக்குது. திறக்கறதுக்கு முன்னால கேட்டுக்கறேன். இது யார் அனுப்பினது?”

எஸ்தர் முதலாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு போனுக்குள் சொன்னாள்.

“நான்தான் சார் அனுப்புனேன். எஸ்தர்.”